குளத்துக்கு ஏற்றும் நீருக்குக் கணக்கு உண்டு, ஆழ்துளைக் கிணற்றில் இறைப்பதற்கு?



அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காகக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட மக்கள் அறுபது ஆண்டுகளாகக் குரல் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் திட்டம் திறக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே மேடேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. கொடுப்பது ஏற்பாடு. செலவு 1,916 கோடி ரூபாய். நிலத்தடி நீர்மட்டம் உயர்வதற்கே இத்தனையும். அப்படி மண்ணுக்குள் இறங்கும் நீரை யார், எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு மட்டும் சட்டம் இல்லை.

இருந்த சட்டமும் போனது. 2003-ல் நிறைவேறிய தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் பத்தாண்டுகள் நடைமுறைக்கே வராமல் கிடந்து, 2013-ல் ரத்தானது. கொண்டுவந்தபோதும் ரத்து செய்தபோதும் ஆட்சியில் இருந்தது ஒரே கட்சி. அடுத்து வந்தவர்களும் அவசரப்படவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குப் பதிவு, போர் போட அனுமதி என்று விதிகள் உண்டுதான். அவை குழந்தைகள் குழியில் விழாமல் காக்க வந்த நல்ல விதிகள். தண்ணீரைக் காக்க வந்தவை அல்ல.

ராத்திரியில் ரிக் ஓடும் தோட்டத்தில் நின்று பார்த்தால் மிச்சம் விளங்கும். எண்ணூறு அடியிலும் புகைதான் வருகிறது. ஆழம் கூடக் கூட அடிக்கூலி ஏறும். ஆனாலும் தோட்டக்காரர் "இன்னொரு நூறு ஓட்டுங்க" என்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரத்தில் தண்ணீர் கிடைத்திருக்கிறதே! கடன் வாங்கத் தெம்புள்ளவர் தென்னையைக் காப்பாற்றுகிறார். மற்றவர் கிணறு வற்றியதும் நாலு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறார்.

விவசாயியைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. இலவச மின்சாரம் போராடிப் பெற்றது. அதைப் பறிக்கும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் 2020 மதிப்பீட்டின்படி மாநிலத்தின் 1,166 பிர்க்காக்களில் (வருவாய்க் குறுவட்டங்களில்) 435-ல் ஊறியதைவிட அதிகமாக எடுத்தோம். மறு ஆண்டே ஒரு லட்சம் புதிய இலவச இணைப்புகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் எத்தனை அந்த 435-க்குள் போயின? சொட்டுநீருக்குச் சிறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு, வரவேற்கலாம். ஆனால் மிச்சமாகும் தண்ணீர் நிலத்தில் தங்குவதில்லை. இன்னும் இரண்டு ஏக்கருக்குக் குழாய் நீள்கிறது. மோட்டார் ஓடும் நேரம் அப்படியேதான்.

கட்டுப்பாடு கிராமத்தில் எடுபடாது என்பவர்கள் மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜாரைப் பார்க்கட்டும். வறண்ட பூமி. அந்த ஆண்டு பெய்த மழையை வைத்து என்ன பயிர் வைப்பது என்று ஊரே கூடி முடிவு செய்கிறது. பாசனத்துக்குப் போர் போடுவதில்லை, கரும்பும் இல்லை.

தமிழ்நாட்டில் மார்ச் 22-ம் கிராம சபை நாள்தான். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக் கலைவதற்குப் பதிலாக, அந்தந்த பிர்க்காவில் ஊறியது எவ்வளவு, இறைத்தது எவ்வளவு என்று அதிகாரிகள் அங்கே வாசிக்கட்டும். புதிய இணைப்புகளின் பிர்க்கா வாரிப் பட்டியலை அரசு வெளியிட வேண்டும். நிலத்தடி நீருக்கான சட்ட முன்வரைவை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும்.

— ஒரு வாசகர், அவிநாசி வட்டம்