யாருக்கான பாட்டு?

சென்ற மாதம் முழுவதும் தந்தையாரின் கட்டிலருகே நாங்கள் ஒலிக்கவிட்ட பாடல்களின் பட்டியலைக் கைப்பேசியில் பார்த்தோம். விடியலில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், இரவில், தாலாட்டுக்கு உரியதெனப் போற்றப்படும் நீலாம்பரி இராகம். உறங்கியவர்கள் நாங்கள்தாம், அவரல்லர்! அவர் விரும்பியவை டி.ஆர். மகாலிங்கத்தின் பாடல்கள் என்பதை இருபதாம் நாளில்தான் கேட்டறிந்தோம். 1958இல் வெளிவந்த ‘மாலையிட்ட மங்கை’ படப்பாடல் ஒலித்ததும், சோர்ந்து கிடந்தவரின் விரல்கள் போர்வைமேல் தாளமிட்டன.

நோயாளிக்கு எந்த இசை நல்லதென்று உடனிருப்போரே முடிவுசெய்வது முறையன்று என்பது எங்கள் கருத்து. எதை, எவ்வளவு நேரம் என்று அவரிடமே கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எண்ணி இயர்போன் தேவைதான். ஆயினும் ஒரு காதில் போதும், செவிலியரின் அழைப்பு மறுகாதில் விழவேண்டும்.

இப்போது மாலையில் அரைமணி நேரம் அவருடைய பாட்டு. அவர் கையை உயர்த்தினால் நிறுத்திவிடுகிறோம்.