புட்டியில் உள்ளதும் உடலில் சேர்வதும்

நம் விடுதிகளில் ஒரு புதுப் பழக்கம் தலைகாட்டுகிறது. ரொட்டியோடு வைக்கும் வெங்காயத் துண்டுகளை, வாய் நாறும் என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். பிறகு அறைக்குச் சென்று, அதே வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் என்னும் பொருளை மாத்திரையாக விழுங்குகிறோம். வீட்டார் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்பும் பணம் இவ்வாறு செலவாகலாமா?

குவெர்செட்டின், ஃப்ளேவனாய்டு என்னும் தாவரப் பொருள்களுள் ஒன்று. 1936இல் சென்ட்-கியோர்கி என்னும் ஹங்கேரிய அறிஞர் இவ்வகைப் பொருள்களை ஒரு வைட்டமின் என்றே கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை, மோகம் மட்டும் நிலைத்துவிட்டது. இத்தனை மில்லிகிராம் என்று புட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். அதில் எவ்வளவு குடலைக் கடக்கிறது என்பதல்லவா கேள்வி?

வெங்காயத்தில் குவெர்செட்டின் பெரும்பாலும் குளுக்கோஸுடன் பிணைந்திருக்கிறது. பாலிலுள்ள சர்க்கரையைப் பிளக்கும் அதே நொதி, சிறுகுடற் சுவரில் இந்தப் பிணைப்பையும் அறுக்கிறது. விடுபட்ட பொருள் சுவருக்குள் புகுகிறது. தேயிலையில் காணப்படும் ரூட்டினிலோ, அதே குவெர்செட்டின் ஓர் இரட்டைச் சர்க்கரையோடு பிணைந்துள்ளது. அதை அந்த நொதியால் அறுக்க இயலாது. ஆகவே அது பெருங்குடல்வரை சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களிடம் அகப்படுகிறது. பெரும்பகுதி சிதைந்து சிறு அமிலங்களாக மாறுகிறது.

பெருங்குடல் அகற்றப்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு நெதர்லாந்தில் ஹோல்மன் குழுவினர் செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி, உடல் ஏற்றது வெங்காயத்திலிருந்து 52 விழுக்காடு, ரூட்டினிலிருந்து 17, சர்க்கரை நீக்கிய தூய குவெர்செட்டினிலிருந்து 24. தூய்மைப்படுத்தியதே மேலானது என்ற நம் நினைப்பை ஒரு வெங்காயம் பொய்யாக்கிவிட்டது!

புகுந்ததும் புகுந்தபடியே இருப்பதில்லை. குடற்சுவரும் கல்லீரலும் அதை அயற்பொருளாகவே நடத்துகின்றன. குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, வெளியேற்ற வழி செய்கின்றன. அப்படியிருக்க, ஆய்வுக் குழாயில் தூய பொருள் பெற்ற வெற்றியை உடலின் கணக்கில் எழுதுவது எவ்வாறு பொருந்தும்? உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை எண்களாக அடுக்கிய பட்டியலை அமெரிக்க வேளாண்துறை 2012இல் விலக்கிக்கொண்டது. அந்த எண்கள் உடலில் நிகழ்வதைக் காட்டவில்லை. வணிகர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தினார்கள். இவையே அத்துறை சொன்ன காரணங்கள்.

அப்படியானால் காய்கறி வீண்தானா? இல்லவே இல்லை. நார்ப்பொருள், பொட்டாசியம், வைட்டமின்கள் எல்லாம் அதில் கூடியே வருகின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்தால், அது காய்கறிக்கு ஈடாகிவிடாது.

நண்பர்களே, அறிவியல் பயில்வோர் "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது, "எவ்வளவு சேர்கிறது? சேர்ந்தபின் என்னவாகிறது?" என்றும் கேட்க வேண்டும். நாம் கேட்பதோடு, ஊரிலிருந்து அழைக்கும் பெற்றோருக்கும் நல்ல தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். மாத்திரை விளம்பரம் அவர்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.