சும்மா இருக்கும் பாட்டியும் பொருளியல் அளவையும்

சென்ற கோடை விடுமுறையில், தேவதானத்தில் எங்கள் தெருவிற்குக் கணக்கெடுக்க ஓர் இளைஞர் வந்தார். அண்டை வீட்டு மூதாட்டியை நோக்கி, "பாட்டி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று வினவினார். "எனக்கென்ன வேலை, தம்பி? வீட்டிலே சும்மாதான் இருக்கிறேன்" என்றார் அவர். இளைஞரும் அவ்வாறே குறித்துக்கொண்டு சென்றார். அம்மூதாட்டியோ விடியுமுன் எழுந்து, தொழுவம் பெருக்கி, இரண்டு பசுக்களைக் கறந்து, மலையடிவாரம் சென்று புல்லறுத்து வந்து, அப்பொழுதுதான் திண்ணையில் அமர்ந்திருந்தார். பொய்யுரைத்தவர் எவருமிலர், எனினும் ஏட்டில் ஏறியது மெய்யன்று.

தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கு இதனால் ஆவதென்ன என்று நண்பர் சிலர் நகைக்கலாம். ஆவது உண்டு என்பதே எமது கருத்து.

எக்கனாமெட்ரிக்ஸ் எனப்படும் பொருளியல் அளவைக்கு 1926-இல் அப்பெயரிட்டவர் நார்வே நாட்டு அறிஞர் ராக்னர் பிரிஷ். பொருளியலுக்கான முதல் நோபெல் பரிசு 1969-இல் அவருக்கும் டின்பர்கனுக்குமே வழங்கப்பெற்றது. மழையும் விலையும் கூலியும் ஒருங்கே மாறுங்கால், ஒன்றன் விளைவைப் பிறவற்றினின்று பிரித்துக் காண்பது இக்கலையின் தொழில். அங்குமிங்குமாய் விழும் பிழைகளை, பல்லாயிரம் வீடுகளை ஆராய்வதனால் ஒருவாறு அடக்கிவிடலாம். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாயுமாயின், வீடுகளைப் பெருக்குதலால் பயனில்லை. ஊர்தோறும் பாட்டியர் "சும்மா" என்றே விடையிறுப்பராயின், இலட்சம் விடைகளும் ஒரே பொய்யை இலட்சம் முறை கூறுவனவேயாம்.

இவ்விடத்து நினைக்கத்தக்கவர் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்த அவர், 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராய் வந்தார். நூலறையில் அமர்ந்து இந்திய வறுமையை ஆராய அவர் ஒருப்படவில்லை. வினாத்தாள்களைக் கொடுத்துத் தம் மாணாக்கரைக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1918-இல் வெளிவந்த 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் ஆங்கில நூல் அதன் பயன். அதில் இடம்பெற்ற வடமலைபுரம் எமக்கு அயலூரன்று. இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1936-37-இல் அக்கிராமங்களை மீண்டும் ஆராய்வித்தனர். 1980-களில் ஆராய்ச்சியாளர் மறுபடியும் சென்றனர்.

ஸ்லேட்டர் செய்தது பொருளியல் அளவை அன்று. ஆயினும் அதற்கு வேண்டிய அடிப்படை அதுவே. ஊரின் பேச்சறிந்த மாணவன் கேட்டான் என்பது ஒரு சிறப்பு. பின்வந்தோர் மீண்டும் சென்று சரிபார்த்தனர் என்பது மற்றொன்று. உள்ளூரானுக்கும் கண்மறைவு உண்டு, தன் தெருவின் குறையை அவன் மூடுவான் என்பர். உண்மையே, அக்குறையைத் தீர்க்கவே மறு ஆராய்ச்சி வேண்டுவது. ஆனால் மொழியறியாது கேட்ட வினாவின் குறையை எந்தக் கணிதமும் தீர்க்காது.

வினாவை மாற்றினால் விடை மாறும். 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களிலும், 2019-இல் நாடு முழுவதிலும் அரசினர் நடத்திய நேரக் கணக்கெடுப்புகளில், "வேலை செய்கிறீர்களா?" என்பதோடு நில்லாமல், நாளின் ஒவ்வொரு பொழுதும் எதிற் கழிந்தது என்று கேட்டறிந்தனர். எங்கள் பாட்டியிடம் அவ்வாறு கேட்டிருந்தால், தொழுவமும் புற்கட்டும் தாமே ஏட்டில் ஏறியிருக்கும்.

ஆதலின் நம் கலாசாலைப் பொருளியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு விடுமுறையிலேனும் சேர்ந்து ஒரு கிராமத்திற்குச் செல்லுதல் நன்று. அவர்கள் எண்ணுக, யாம் வினாவுக்குச் சொல் தேடித் தருவோம். எண்ணும் எழுத்தும் அன்று ஒரே திண்ணையில் அமரும். அத்திண்ணையில் "சும்மா" என்னும் சொல்லை நம்பி எழுதுகோலை மூடிவிடாதிருப்போமாக.