தங்கம் போகும், கழிவு தங்கும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குடுபல்லி மண்டலம். முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 1989 முதல் தொடர்ந்து வென்றுவரும் குப்பம் தொகுதிக்குள் அது அடங்கும். இங்குள்ள சிகர்குண்டா, பிசாநத்தம் சுரங்கங்கள் கோலார் தங்கவயலின் கிளைகளாக இயங்கியவை. அவற்றை நடத்திவந்த ஒன்றிய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கனிமச் சட்டத்தில் 2015இல் ஏலமுறை புகுத்தப்பட்ட பிறகு, இவ்விரு சுரங்கப் பகுதிகளும் ஒரே தொகுதியாக ஏலம் விடப்பட்டன. ஏலத்தில் வென்றது மற்றொரு பொதுத்துறை நிறுவனமான தேசிய கனிம வளர்ச்சிக் கழகம்.

தனியார் முதலாளிகளின் கைக்குப் போகவில்லை என்பது ஆறுதலே. ஆனால், பாரத் தங்கச் சுரங்க நிறுவனமும் பொதுத்துறைதான் என்பதை மறந்துவிடலாகாது. எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயலில், சயனைடு கலந்த கழிவு சுமார் 3.3 கோடி டன் மேடுமேடாகக் குவிந்து கிடக்கிறது. காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூசி தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் படிகிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்று, தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்தில் உழைத்த தலித் மக்களின் வழித்தோன்றல்களே அங்கு வாழ்கின்றனர். அம்மேடுகளில் 13ஐ ஏலம் விட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கழிவிலும் தங்கம் மிச்சமிருக்கிறது என்பதே காரணம். தூசிக்காக எந்த அமைச்சரவையும் இத்தனை அக்கறையுடன் கூடியதில்லை.

குடுபல்லிப் பாறையில் டன்னுக்குச் சுமார் 5 கிராம் தங்கம் உள்ளதாக மதிப்பீடு. ஒரு சவரனுக்கு ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட பாறையை உடைத்து அரைத்தாக வேண்டும். தங்கம் ஊரை விட்டுப் போய்விடும். அரைத்த பொடி எங்கேயோ குவிந்தாக வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளை நம்பியுள்ள இந்த வறண்ட பூமியில், சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரும் யாருடைய பாசனத்திலிருந்து குறையும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஊருக்கு வருவது என்ன? தங்கத்திற்கான உரிமைத்தொகை 4 சதவீதம். ஏலத்தில் பெற்ற குத்தகை என்றால் அதில் பத்தில் ஒரு பங்கே மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேரும். அதாவது, நூறு ரூபாய் தங்கத்தில் நாற்பது பைசா!

மறுக்கும் உரிமையும் இல்லை. நிலத்தைத் தனியாருக்காகக் கையகப்படுத்தினால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2013 சட்டம். பொதுத்துறைக்கு அந்த நிபந்தனை கிடையாது. பழங்குடி நிலங்களைக் காத்த 1997 சமதா தீர்ப்பும், அட்டவணைப் பகுதியல்லாத குடுபல்லிக்குப் பொருந்தாது. எஞ்சுவது பொது விசாரணை ஒன்றே. அங்கு மக்கள் பேசலாம். அதிகாரிகள் அதை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை.

நிலமற்றோருக்கு அரசு வழங்கிய ஒப்படை நிலங்களுக்கும் பட்டா நிலத்துக்கு இணையான இழப்பீடு தரவேண்டும் என ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. நாயுடு அரசு அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஒப்புதல் நிபந்தனை பொதுத்துறைக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். பழைய சுரங்கங்களைச் சுற்றியுள்ள மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வுசெய்து, முடிவுகளைத் தெலுங்கிலும் தமிழிலும் கிராம சபைகளில் வைத்த பிறகே பொது விசாரணைக்குத் தேதி குறிக்கப்பட வேண்டும்.