ஸ்டெப்னியும் ஜுகாடும்: ஒரு பட்டறை அறிவுக்கு நேர்ந்த கதி

இந்தியச் சாலைகளில் மாற்றுச் சக்கரத்தை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அது ஸ்டெப்னிதான். இச்சொல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர். கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்ட காலத்தில், 1904இல், அத்தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் ஆரங்கள் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தினார்கள். பஞ்சரான சக்கரத்தின்மேல் அதைக் கவ்வி இறுக்கிவிட்டு வண்டியை ஓட்டிச் செல்லலாம். பிரித்தானியரின் அன்றாடப் பேச்சிலிருந்து அச்சொல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இந்தியாவில் ஒவ்வொரு பஞ்சர் கடையிலும் வாழ்கிறது. ஒரு சிறு பட்டறையின் அறிவு, தெருப்பெயராக ஒரு நூற்றாண்டைக் கடந்திருக்கிறது.

அதே ஸ்டெப்னியை வண்டியின் பின்புறம் சுமப்பதற்கு இந்தியப் பட்டறைகள் உருவாக்கும் தாங்கிக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. அதைச் செய்பவரின் அறிவுக்கு வெளியுலகம் தரும் பெயர் ஒன்றே ஒன்று: ஜுகாட். இச்சொல் பாராட்டுபோல ஒலிக்கிறது. உண்மையில் அது அந்த அறிவைக் காணவிடாமல் மறைக்கிறது. அம்மறைப்பின் விலையைச் சாலையில் பின்னால் வருபவர் கொடுக்க நேரிடுகிறது.

முதலில், இத்தாங்கி ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய ஜிப்சியோ ஜீப்போ வைத்திருப்பவர் மலைப்பாதைக்காகப் பெரிய டயர்களைப் போடுகிறார். ஸ்டெப்னியும் அதே அளவில் இருந்தாக வேண்டும். ஜிப்சியில் அது பின்கதவின்மீது தொங்குவது. கதவும் கீல்களும் ஆலை தந்த சிறிய சக்கரத்தின் எடைக்காக வடிவமைக்கப்பட்டவை. பெரிய சக்கரம் ஏறியதும் கதவு தொய்கிறது, கீலைச் சுற்றியுள்ள தகடு வெடிக்கிறது. டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் தொகுப்பும் இருந்தால் சிறிய பயணியர் வாகனங்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020இல் விதியைத் தளர்த்தியது. நகரச் சாலைக்கு அது பொருந்தலாம். கூரிய பாறை டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் எந்த ஒட்டும் தொகுப்பும் உதவாது. மலையில் ஸ்டெப்னி இல்லாத வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆகவே சக்கரத்தைக் கதவிலிருந்து எடுத்து, சேசிஸுடன் பிணைத்த பின்பம்பரின் ஒரு முனையில் சுழலும் இரும்புக் கை ஒன்றில் ஏற்றுகிறார்கள். ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி, பழைய ஜீப்புகளையும் உதிரிப் பாகங்களையும் கொண்டு புதிய ஜீப் கட்டித் தருவதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ளவை போன்ற பட்டறைகளுக்கு இது பழகிய வேலை. ஆனால் எளிய வேலையன்று.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். சக்கரமும் டயரும் சேர்ந்து 30 கிலோ என்றும், அவற்றின் மையம் சுழல்முனையிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். கை திறந்து நிற்கையில் சுழல்முனையில் விழும் திருப்புவிசை 18 கிலோ-மீட்டர். 30 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கீல்கள் இதைத் தாங்கினால், மேற்கீலை 60 கிலோ விசை வெளியே இழுக்கும். கீழ்க்கீலை அதே விசை உள்ளே அழுத்தும். அவற்றுக்குப் பதிலாக, 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் கொண்ட பழைய சக்கர ஹப் ஒன்றைச் சுழல்முனையாக வைத்தால் ஒவ்வொரு பேரிங்கிலும் 300 கிலோ விசை விழும். ஹப் ஒரு வண்டியின் எடையையே சுமக்கப் பிறந்தது என்பதால் அதைத் தாங்கும்; சாதாரணக் கதவுக் கீல் தாங்காது. கழித்துப்போட்ட ஹப்பைத் தேடி எடுக்கும் மிஸ்திரியின் தேர்வுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அவர் அதை எழுதிப் பார்க்காமல் இருக்கலாம். கணக்குத் தவறிய கைகள் பழுதாகித் திரும்பி வருவதைப் பார்த்துக் கற்றிருக்கலாம்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. குழியில் வண்டி குலுங்கும்போது எடை மூன்று மடங்காக உணரப்பட்டால் விசைகளும் மூன்று மடங்காகும். ஆகவே கையை மூடியதும் அதன் மறுமுனை பம்பரின்மேல் ஓர் ஆதாரக் கட்டையில் ஏறி அமர வேண்டும். எடை இரு முனைகளிலும் பகிரப்பட வேண்டும். கொக்கி இறுக்கமாகவும், அதிர்வில் தானாகத் திறக்காததாகவும் இருக்க வேண்டும். அது தவறினாலும் கையைப் பிடித்துக்கொள்ளத் தனி ஊசி ஒன்று வேண்டும். சேசிஸின் தடிமனும் பற்றவைக்கும் தகட்டின் தடிமனும் வேறுபட்டால் வெல்டிங் மேலோட்டமாக ஒட்டி நிற்கும், உள்ளிறங்காது. எடைப் பங்கீடும் மாறும்: ஜிப்சியின் முன்பின் அச்சுகளுக்கு இடையேயான தொலைவு 2375 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் 50 கிலோ புதிதாக ஏறினால், முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 17 கிலோ குறைந்து பின் அச்சில் 67 கிலோ கூடும். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டீயரிங் இலேசாவதை ஓட்டுநர் உணரக்கூடும்.

இவ்வளவையும் ஜுகாட் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பது எப்படிச் சாத்தியமாயிற்று? வட இந்தியாவில் அச்சொல் நீரிறைக்கும் டீசல் எஞ்சினை மரவண்டியில் பூட்டி ஓட்டும் ஊர்தியின் பெயராகவும் வழங்குகிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த ஊர்தியும் சட்டத்தின் பொருளில் மோட்டார் வாகனமே என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், ‘ஜுகாட் இன்னோவேஷன்’ என்ற மேலாண்மை நூல் அதே சொல்லைப் பெருநிறுவனங்களுக்கான பாடமாக உயர்த்தியிருந்தது. ஒரே சொல்லை நீதிமன்றம் ஒழுங்குபடுத்த வேண்டியதாகவும், மேலாண்மைத் துறை பின்பற்ற வேண்டியதாகவும் கண்டன. பட்டறையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி இரண்டுக்கும் வெளியே நின்றுவிட்டது.

கல்விப்புலமும் இதில் குற்றமற்றதன்று. லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்பவரையும் பொறியாளரையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். அவர் அதைத் தொன்மச் சிந்தனையை விளக்கும் உவமையாகவே கையாண்டார். ஆனால் கருத்தரங்குகளில் அவ்வுவமை பட்டறை மனிதர்களின் இயல்பு பற்றிய தீர்ப்பாகவே சுருங்கிவிடுகிறது: மிஸ்திரி கிடைத்ததைக் கொண்டு சமாளிப்பவர், பொறியாளர் திட்டமிடுபவர். மேலே கண்ட ஹப்பின் கதை இப்பிரிவினையை ஏற்பதில்லை. கிடைத்த பொருள்களுள் எது 300 கிலோ விசையைத் தாங்கும், எது தாங்காது என்று பிரித்தறிவதே பொறியியல்.

இனிச் சட்டத்தின் பக்கம். பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. கணக்குப் பார்த்துச் செய்த தாங்கியையும், கதவுக் கீலில் அவசரமாக ஒட்டவைத்த தாங்கியையும் வேறுபடுத்தும் அளவுகோல் எதுவும் இதில் இல்லை.

சட்டத்தின் அச்சம் பொய்யானது என்று வாதிடுவது நேர்மையாகாது. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும் வண்டியிலிருந்து 30 கிலோ சக்கரம் கழன்றால், பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு விலக நேரமிருக்காது. பிரேக் விளக்கையோ எண் பலகையையோ மறைக்கும் தாங்கி வேறு விதமான ஆபத்து. முன்பம்பரில் பொருத்தப்படும் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக 2017இல் மத்திய அரசு நடவடிக்கை கோரியபோது, பாதசாரிகளின் உயிரே அதன் அக்கறையாக இருந்தது. தாங்கி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் வண்டியின் சொந்தக்காரர். அது கழன்றால் அடிபடுபவரை எவரும் கேட்பதில்லை. அவரை மறந்துவிட்டுப் பட்டறையின் படைப்பாற்றலைப் பாடும் எந்தக் கட்டுரையும் பாதி உண்மைதான்.

ஆனால் தடை மட்டும் அவரைக் காப்பாற்றிவிடுவதில்லை. வேலை நடக்கத்தான் செய்கிறது. ரசீதில்லாமல், பெயரில்லாமல் நடக்கிறது. எவர் செய்தது என்று பதிவில்லாத தாங்கி உடைந்தால் எவரும் பொறுப்பாவதில்லை, எவரும் பாடம் கற்பதுமில்லை. ஓர் ஊரில் ஒரு மிஸ்திரி கண்டறிந்த தவறு அடுத்த ஊரில் மறுபடியும் நிகழ்கிறது. நன்றாகச் செய்பவருக்கு அதை நிறுவிக் காட்ட வழியில்லாததால், மலிவாகச் செய்பவரே சந்தையை வெல்கிறார்.

வழி இல்லாமலில்லை. பெட்ரோல் காரில் சி.என்.ஜி. பொருத்துவதற்குச் சான்று பெற்ற கருவித்தொகுதியும் அங்கீகரிக்கப்பட்ட பட்டறையும் பதிவுச் சான்றிதழில் குறிப்பும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. உயர் அழுத்த வாயு உருளைக்குச் சாத்தியமானது ஓர் இரும்புக் கைக்கு ஏன் சாத்தியமாகக்கூடாது? வாகன மாற்றங்களுக்கான விவரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தமே 52ஆம் பிரிவில் இடம் தந்திருக்கிறது. அந்த இடத்தில் பின்புறத் தாங்கிக்கென ஒரு பக்க அளவில் விதி எழுதினால் போதும்: சேசிஸில் மட்டுமே பிணைக்க வேண்டும், சக்கர எடையின் இத்தனை மடங்கு சுமையை ஏற்றிச் சோதிக்க வேண்டும், கொக்கிக்கு மேல் இரண்டாம் பிடிப்பு வேண்டும், விளக்கும் எண் பலகையும் மறையக்கூடாது, செய்தவரின் அடையாளம் இரும்பில் பொறிக்கப்பட வேண்டும். சுமைச் சோதனைக்கு மணல் மூட்டைகளும் அளவுகோலும் போதும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திலேயே அதைச் செய்துவிடலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. எந்த ஹப் எத்தனை ஆண்டு நின்றது, எந்த வெல்டிங் எங்கே வெடித்தது என்பது மிஸ்திரிகளின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதைப் பொறியியல் துறை அளந்து பதிய வேண்டும். பட்டறைகளில் வழங்கும் சொற்களை மொழியியல் துறை தொகுக்க வேண்டும். ஜுகாட் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு பங்கேனும் இப்பணிக்குத் திரும்பினால், விதி எழுதுபவர்களுக்குக் கையில் பிடிக்க ஆதாரம் கிடைக்கும்.

இந்தியின் மிஸ்திரியும் தமிழின் மேஸ்திரியும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. மெஸ்த்ரே என்ற அச்சொல்லுக்கு ஆசான் என்றும் பொருளுண்டு. ஓர் ஆசானிடமிருந்து எதிர்பார்ப்பதையே அவரிடமிருந்தும் எதிர்பார்க்கலாம்: தேர்வுக்கு நிற்கட்டும், தான் செய்ததன்மீது பெயரைப் பொறிக்கட்டும். அதற்கான தேர்வை நடத்தும் கடமை அரசுக்கும் கல்விப்புலத்துக்கும் உரியது. அது நடக்கும்வரை, பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டி தனக்கு முன்னே தொங்கும் சக்கரம் எதை நம்பித் தொங்குகிறது என்று அறியாமலே பயணம் செய்ய வேண்டியிருக்கும்.