கடற்கரையில் மட்டுமா இறைவனின் கைவண்ணம்?

"இறைவனின் கைவண்ணத்தைக் காணக் கடற்கரைக்குத்தான் போகவேண்டும், நம் கரிசலில் முள்ளும் புழுதியும் தவிர என்ன இருக்கிறது?" இப்படியொரு பேச்சு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து இறைமக்களிடையே உண்டு. பக்தியைப் போலத் தோன்றும் இப்பேச்சு, உண்மையில் படைத்தவர்மேல் நாம் சாட்டும் பழி. ஓரிடத்தை எழிலோடு படைத்து மற்றோரிடத்தைக் கைவிட்டவரா அவர்?

மன்னார் வளைகுடாவின் வளத்தை யாரும் மறுக்கவில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், பவளப்பாறைகள், கடற்புல் மேயும் ஆவுளியா, வலசை வரும் பூநாரைகள். 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஆயினும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டியதால் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ளது. அப்படியிருக்க, யாத்திரை போனவர் பவளத்துண்டைப் பைக்குள் ஒளித்துவந்து கிறிஸ்து பிறப்புக் குடிலை அலங்கரிப்பது முறையா? படைப்பைச் சிதைத்தா படைத்தவருக்குக் குடில் கட்டுவது?

கடல் வேறு, கரிசல் வேறு என்பதும் மயக்கமே. வருசநாட்டு மலையில் பிறக்கும் குண்டாறு திருச்சுழியைத் தழுவி, கமுதி கடந்து, மூக்கையூர் அருகே அதே வளைகுடாவில் கலக்கிறது. நாம் ஆற்றில் எறியும் நெகிழிப்பை ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்தைச் சென்றடையும். கரையில் நின்று இறைவனைப் புகழ்கிற நாம், கரைக்கு வருமுன்னே அவருடைய கடலை மாசுபடுத்திவிடுகிறோம்.

வறண்ட நிலத்தில் உயிரில்லை என்பாரும் சற்று அண்டை மாவட்டத்தைப் பார்க்கட்டும். முதுகுளத்தூர் வட்டாரத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் வானம் பார்த்த கண்மாய்கள்தாம். அங்குள்ள நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 1989இல் பறவைகள் சரணாலயங்களான அவை, 2022இல் உலக முதன்மை வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. மண்ணும் மழையும் நமக்கு வேறா? நம் கண்மாய்கள் தூர்ந்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தால், அதற்கு வானமா பொறுப்பு?

"அது அரசின் வேலை" என்று விலகுவோருக்குத் திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் இடம் தரவில்லை. பூமி நம் அனைவரின் பொது இல்லம் என்றும், அதைப் பேணுவது நம்பிக்கையாளரின் கடமை என்றும் அது கற்பிக்கிறது. எனவே அடுத்த யாத்திரைக்குப் பேருந்து பேசுமுன், ஒவ்வொரு பங்கும் ஒரு நாளை ஒதுக்கித் தன் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால்வாயைத் துப்புரவு செய்யட்டும். யாத்திரை அங்கிருந்து தொடங்கட்டும்.