உதிரிக் கணக்கு

விபத்தில் நொறுங்கிய காரை முழுதாகக் காயலான் கடைக்குத் தள்ளுவதைவிட, பிரித்து உதிரியாக விற்பதே லாபம் என்று கீரமங்கலத்தில் பலரும் சாதிக்கிறார்கள். தனித்தனி விலைகளைக் கூட்டினால் தொகை பெரிதாவது வாஸ்தவமே; ஆனால் அவர்களிடம் கேட்க எனக்கு மூன்று கேள்விகள் உண்டு.

ஒன்று: சென்னைப் புதுப்பேட்டையில் விலைபோகும் கதவை, பூவும் தேங்காயும் விற்கும் நம் கடைவீதியில் எவர் வாங்குவார்?

இரண்டு: என்ஜின் கழன்றபின் எஞ்சும் கூட்டுக்கு என்ன விலை?

மூன்றாவதே பிரதானம். நிரந்தரமாகப் பயனற்றுப்போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள்ளோ இயன்ற விரைவிலோ பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றை ஒப்படைக்குமாறு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விதித்திருக்க, அதை அலட்சியம் செய்து, சேஸிஸ் எண் பொறித்த கூட்டை முன்பின் அறியாதவர் கையில் கொடுத்தவர், அவ்வெண்ணைத் திருட்டு வண்டியொன்று சுமந்து திரியும் நாளில் யாரிடம் போய் முறையிடுவார்?

காப்பீட்டுச் சர்வேயர் வந்து பார்க்குமுன்னரே ஸ்பானரை எடுத்துவிடும் புத்திசாலிகளைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.